மலை மேல் தீபம்: எந்த வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வைப்பது?

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, அருணாசலேசுவரர் கோயிலில் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளும் வேளையில், 2,668 அடி உயர மலையின் உச்சியில் கொப்பரை பற்றிக்கொள்கிறது. திருவண்ணாமலையின் கிழக்குப் பகுதியில் ஏதேனும் ஒரு மொட்டை மாடியில் நின்று மேற்கே பார்ப்பவருக்கு, முன்னால் 217 அடி ராஜகோபுரம், அதற்குப் பின்னால் மலை, மலைக்கும் பின்னால் சூரியன் இறங்கிய வானத்தின் மிச்ச வெளிச்சம், முதுகுப்புறம் எழுந்துவரும் நிலா என எல்லாம் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் அமைந்துவிடுகின்றன. படமெடுக்க வந்தவருக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஷட்டரை அழுத்தும் முன் அவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: டிரைபாடில் வைத்து ஒரே நீண்ட எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் ஒளி விடுவது) கொடுப்பதா, கையில் பிடித்தபடி ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றி எடுப்பதா, வெவ்வேறு எக்ஸ்போஷரில் பல படங்கள் எடுத்துப் பின்னர் இணைப்பதா, அல்லது கைப்பேசியின் இரவு முறையிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுவதா?

இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்பவர்களிடம், படத்தில் மலை தெரிய வேண்டுமா என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். தீபமும் கோபுரமும் மட்டும் போதும் என்றால் வேலை பலரும் அஞ்சுவதைவிட எளியது. மலையின் பாறையும் மரமும் தெரிய வேண்டும் என்றால் அதற்கான விலை பல மடங்கு கூடுகிறது. ஏன் அப்படி என்பதற்கு முதலில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வெளிச்சத்தை அளக்கப் புகைப்படக்காரர்கள் ஈ.வி. என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 100இல், எஃப் 1 துளையில் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சுருங்கும்), ஒரு வினாடி எக்ஸ்போஷர் கேட்கும் வெளிச்சம் ஈ.வி. 0, எண் ஒன்று கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, அதாவது ஒரு ஸ்டாப். சுள்ளென்ற பகல் வெயில் ஈ.வி. 15. வழக்கமாகப் பயன்படும் அட்டவணைகளில் பெருந்தீ ஏறத்தாழ 9 என்றும், விளக்கொளி பாய்ச்சிய கட்டடங்கள் 3 முதல் 5 வரை என்றும், முழுநிலா வெளிச்சத்தில் தெரியும் நிலக்காட்சி மைனஸ் 3க்கும் மைனஸ் 2க்கும் இடையே என்றும் இருக்கும். நம் காட்சிக்கு இதைப் பொருத்தினால் தீபம் 9, கோபுரம் 4, நிலவொளியில் மலை மைனஸ் 2. எஃப் 8 துளையில் தீபத்துக்குச் சரியான நேரம் 1/8 வினாடி. கோபுரத்துக்கு 4 வினாடி. மலைக்கு நாலேகால் நிமிடத்துக்கும் சற்று மேல். ஒரே படச்சட்டத்துக்குள் இருக்கும் தீபத்துக்கும் மலைக்கும் இடையே 11 ஸ்டாப், அதாவது 2,048 மடங்கு வேறுபாடு.

இந்த மூன்றும் நிலையாக நிற்பவை. நகர்வது வானம் ஒன்றுதான். டிசம்பர் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் சூரியன் மறைவது 5.45 மணியை ஒட்டி. நம் அட்சரேகையில் அந்தி மிகவும் குறுகியது. தெளிவான வானமாக இருந்தால், சூரியன் மறைந்த பிறகான இருபது, இருபத்திரண்டு நிமிடங்களில் ஏறத்தாழ ஏழு ஸ்டாப் வெளிச்சம் வடிந்துவிடும். சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். தீபம் ஏறும் ஆறு மணிக்கு மேற்கு வானமும் தீபமும் கிட்டத்தட்ட ஒரே வெளிச்சத்தில் இருப்பதால், கூட்டம் எழுப்பும் அரோகரா முழக்கத்துக்கு ஏற்ற எடுப்பு படத்தில் தீபத்துக்குக் கிடைப்பதில்லை. 6.10 ஆகும்போது வானம் இரண்டு மூன்று ஸ்டாப் இறங்கித் தீபம் தனித்துத் தெரியத் தொடங்குகிறது. 6.15இலிருந்து 6.20 வரை வானமும் கோபுரமும் சமமாகின்றன. 6.40க்கு மேல் மலையின் விளிம்பே வானத்தோடு கரைந்துபோய், தீபம் எதன் மேல் எரிகிறது என்பதே தெரியாமல் அந்தரத்தில் தொங்குகிறது. எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும் நமக்குக் கிடைப்பது பத்து நிமிட வாய்ப்புதான். ஆறு மணிக்கு நூறு படம் எடுத்துவிட்டு 6.10க்குக் கேமராவைப் பைக்குள் வைப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். சாமி கும்பிட வந்தவர்கள் போகலாம், படமெடுக்க வந்தவர்கள் போகக் கூடாது.

எக்ஸ்போஷரை எப்படி அளப்பது என்பதிலும் தேர்வு இருக்கிறது. கேமராவின் மேட்ரிக்ஸ் அளவீடு (சட்டம் முழுவதையும் சேர்த்து அளப்பது), எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும் இயல்புடையது. சட்டத்தின் பெரும்பகுதி கருமையாக இருக்கும்போது அந்தக் கருமையையும் சாம்பலாக்க முயன்று தேவைக்கு அதிகமான எக்ஸ்போஷர் கொடுத்துவிடும். முதன்முறை போனபோது துளை முன்னுரிமையில் (துளையை மட்டும் நாம் தேர்ந்து, நேரத்தைக் கேமராவிடம் விடும் முறை), தானியங்கி ஐ.எஸ்.ஓ.வில் கேமராவின் போக்கிலேயே விட்டுவிட்டேன். வந்த படங்களில் மலை மழைநாள் மதியம் போலச் சாம்பல் பூத்திருந்தது. தீபம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் பொட்டு. அடுத்த ஆண்டு உஷாராகி, பின்புறத் திரையைப் பார்த்துப் பார்த்து எக்ஸ்போஷரைக் குறைத்தேன். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குத் திரை எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை. வீட்டில் கணினியில் திறந்தபோது கோபுரத்தின் பாதி நிலைகள் கருமைக்குள் புதைந்து கிடந்தன.

ஸ்பாட் அளவீட்டை (சட்டத்தில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் அளப்பது) வைத்துத் தீபத்தை அளக்கலாமே என்று தோன்றும். தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அது நடக்கும். 50 மி.மீ. லென்ஸில் தீபம் சில பிக்சல்களுக்குள் அடங்கிவிடுவதால், ஸ்பாட் வட்டத்துக்குள் தீயைவிட வானமே அதிகம் விழுந்து அளவு பொய்த்துவிடுகிறது. கோபுரத்தின் நடுநிலையை ஸ்பாட்டில் அளந்து, அதிலிருந்து இரண்டு ஸ்டாப் குறைத்துக்கொள்வது இதைவிட நம்பகமானது. இதையெல்லாம்விட நான் நம்புவது, ஒரு சோதனைப் படம் எடுத்து ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தை) பார்ப்பதை. அதிலும் ஒரு கவனம் தேவை: பிரகாசத்துக்கான ஒற்றை ஹிஸ்டோகிராமை நம்பாமல், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து பார்க்க வேண்டும். நெய்த்தீயின் ஒளியில் சிவப்பே மிகுதி என்பதால், மொத்தப் பிரகாசம் பத்திரமாக இருப்பதாகக் காட்டும்போதே சிவப்பு மட்டும் வலது சுவரில் முட்டி நசுங்கியிருக்கும். அப்படி நசுங்கிய தீயை எவ்வளவு இறக்கினாலும் செம்பொன் நிறம் திரும்புவதில்லை, வெளிறிய மஞ்சள்தான் மிஞ்சும். இரவுப் படத்தின் ஹிஸ்டோகிராம் இடப்பக்கம் குவிந்திருப்பது இயல்பு. அதைப் பார்த்துப் பதறி எக்ஸ்போஷரை ஏற்ற வேண்டியதில்லை.

இனி வழிகளைப் பார்க்கலாம். டிரைபாடில் ஐ.எஸ்.ஓ. 100இல் ஒரே எக்ஸ்போஷர் என்பதுதான் பாடநூல் வழி, என் முதல் விருப்பமும் அதுவே. மேலே சொன்ன எண்களை வைத்தே பார்ப்போம். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) நடுத்தரச் சாம்பலுக்கு மேலே ஏறத்தாழ மூன்று ஸ்டாப் வரைதான் இடம் இருக்கிறது; அதற்கு மேல் போனால் வெளுத்துவிடும். தீபம் 9 என்பதால், ஈ.வி. 6க்கு எக்ஸ்போஷர் வைத்தால் தீ விளிம்பில் தப்பிக்கிறது. எஃப் 5.6 துளையில் அது அரை வினாடி. கோபுரம் இரண்டு ஸ்டாப் குறைவாக விழும், ஐ.எஸ்.ஓ. 100இல் எடுத்த ரா கோப்பில் இரண்டு ஸ்டாப் ஏற்றுவது எந்தத் தழும்பும் விடாது. 6.15 மணி அளவில் அந்தி வானம் சரியான நீலத்தில் இருக்கும். மலை மட்டும் ஆறேழு ஸ்டாப் கீழே கிடக்கும். கருத்த உருவமாக, விளிம்பு மட்டும் கூர்மையாகத் தெரியும். இந்தக் கருமையைக் குறையாக நான் நினைப்பதில்லை, ஏனென்றால் நேரில் நிற்பவர் கண்ணுக்கும் அந்நேரத்தில் மலை ஒரு கருத்த முக்கோணம்தான்.

எஃப் 5.6 என்று நான் சொன்னதும் எஃப் 11 ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. நிலக்காட்சி என்றாலே துளையைச் சுருக்க வேண்டும் என்ற பழக்கம் பகலிலிருந்து வந்தது. முழுச்சட்ட (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட) கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் திறந்து வைத்தாலும், முப்பது மீட்டருக்கு அப்பால் குவியம் வைத்தால் அங்கிருந்து முடிவிலி வரை எல்லாம் தெளிவாகவே விழும். கோபுரம் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியும், மலை அதற்கும் பின்னாலும் இருக்கும்போது துளையைச் சுருக்கி அடையப்போவது ஒன்றுமில்லை, இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை இழப்பதைத் தவிர. விளக்குகளிலிருந்து நட்சத்திரம் போலக் கதிர்கள் விரிய வேண்டும் என்று விரும்புபவர்கள் மட்டும் எஃப் 11க்கும் 16க்கும் போகலாம். கோபுரம் முழுக்கத் தொங்கும் சீரியல் விளக்குகளில் ஒவ்வொன்றுக்கும் கதிர் முளைத்தால் படம் முள்செடி போல ஆகிவிடுகிறது என்பது என் கருத்து.

அந்தச் சீரியல் விளக்குகள் விஷயத்தில்தான் நீண்ட எக்ஸ்போஷருக்கு, யாரும் அதிகம் பேசாத ஒரு நன்மை இருக்கிறது. ஓடி ஓடி எரியும் வகைச் சரங்களில் எந்தக் கணத்திலும் மூன்றில் ஒன்றோ பாதியோ அணைந்தே இருக்கும். 1/60 வினாடியில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சரம் இடையிடையே பல் விழுந்த வாய் போலத் தெரியும். அடுத்தடுத்த இரு படங்களில் வெவ்வேறு பற்கள் விழுந்திருக்கும். எக்ஸ்போஷர் ஒன்றிரண்டு வினாடிக்கு நீண்டால், ஓட்டத்தின் ஒரு முழுச் சுற்று அதற்குள் முடிந்து எல்லா விளக்குகளும் எரிவது போலப் பதிகின்றன. இதற்காகவே சில சமயம் துளையை எஃப் 11 வரை சுருக்கி, அதே ஈ.வி. 6க்கு இரண்டு வினாடி கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு காரணத்துக்கு மேலே சொன்ன முள்செடியையும் சகித்துக்கொள்ளலாம்.

டிரைபாடின் குறைகள் எல்லாம் இடத்தைச் சார்ந்தவை. லட்சக்கணக்கானோர் கூடும் நாளில் மாட வீதிகளில் மூன்று கால்களை விரிக்க நினைப்பதே தவறு, இடித்துக்கொண்டு விழப்போவது யாரோ ஒரு பாட்டிதான். மொட்டை மாடியில் இடம் கிடைத்தாலும், அதே மாடியில் இருபது பேர் எட்டிப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தால் தளமே மெல்ல அதிரும். அரை வினாடியில் தப்பிக்கும் படம் எட்டு வினாடியில் தப்பிக்காது. நடுக்கம்பத்தை உயர்த்தாமல், கைப்பிடிச் சுவரை ஒட்டி, தூண் வரும் மூலையில் வைப்பது ஓரளவு உதவும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, இரண்டு வினாடி டைமரில் எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றாலும், அந்தப் பரபரப்பில் மறந்துபோவது இதுதான்.

கையில் பிடித்து எடுக்கும் வழியைப் பற்றி இருக்கும் தாழ்வான எண்ணம், பெரும்பாலும் கேமராவோடு சேர்த்து விற்கும் கிட் லென்ஸ்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. எஃப் 5.6இல் ஈ.வி. 6க்கு ஐ.எஸ்.ஓ. 100இல் அரை வினாடி என்றோம். அதை 1/60 வினாடிக்குக் கொண்டுவர ஐந்து ஸ்டாப் வேண்டும், அதாவது ஐ.எஸ்.ஓ. 3200. அந்த அளவில் முழுச்சட்ட சென்சாரிலேயே பயன்படத்தக்க வெளிச்ச வீச்சு, ஐ.எஸ்.ஓ. 100இல் இருக்கும் பதினொன்றிலிருந்து ஏழெட்டு ஸ்டாப்பாகச் சுருங்கிவிடுகிறது. கோபுரத்தை இரண்டு ஸ்டாப் ஏற்றினாலே நிழல்களில் மணல் தூவியது போல நாய்ஸ் கிளம்பும். ஆனால் அதே கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டிப் பாருங்கள்: ஐ.எஸ்.ஓ. 100இல் 1/20 வினாடி, 400இல் 1/80 வினாடி. ஐ.எஸ்.ஓ. 400 என்பது இன்றைய எந்தக் கேமராவுக்கும் ஒரு பொருட்டே இல்லை. லென்ஸ் வரிசையிலேயே விலை குறைந்தவற்றில் ஒன்றான 50 மி.மீ. எஃப் 1.8, தீபமும் கோபுரமும் மட்டும் போதும் என்பவருக்கு டிரைபாடையே தேவையற்றதாக்கிவிடுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, வீட்டு வாசலில் மலைத்தீபம் கண்ட பின் அகல் ஏற்றும் பெண்களையும், அவர்கள் தலைக்கு மேல் தெரியும் மலையையும் சேர்த்து எடுக்க வேண்டுமென்றால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

நாய்ஸ் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே தெளிவாக்கிவிடுவது நல்லது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுவதால் நாய்ஸ் பிறக்கிறது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் சென்சாரில் விழுந்த ஒளித்துகள்களின் எண்ணிக்கை குறைவதுதான் அதன் முதற்காரணம்; ஐ.எஸ்.ஓ. அந்தக் குறைவைப் பெருக்கிக் காட்டுகிறது. ஒளி சீரான ஓட்டமாக அல்லாமல் தூறல் போலத் துளித்துளியாக வருகிறது, தூறல் குறைவாக இருக்கும்போதுதான் பக்கத்துப் பக்கத்துப் பாத்திரங்களில் விழும் துளிகளின் எண்ணிக்கை வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. எனவே நாய்ஸைக் கண்டு பயந்து ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து, நேரத்தையோ துளையையோ கூட்டாமல் இருட்டாக எடுத்துப் பின்னர் கணினியில் ஏற்றுவதால் பெரும்பாலும் எந்த லாபமும் கிடையாது. ஆட்டம் விழுந்த படத்தைவிட நாய்ஸ் விழுந்த படம் மேல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய்ஸை மென்பொருள் ஓரளவு துடைக்கும், ஆட்டத்தை எதுவும் துடைக்காது.

டெலி லென்ஸ் வைத்திருப்பவர்களின் நிலை தனி. 200 மி.மீ.யில் உச்சியையும் தீயையும் மட்டும் நெருக்கி எடுக்கும்போது, கோபுரமும் ஊரும் சட்டத்துக்கு வெளியே போய்விடுவதால் சமரசம் எதுவும் தேவையில்லை. தீக்கு எது சரியோ அதுவே எக்ஸ்போஷர். எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 1600, 1/250 வினாடி என்று தொடங்கலாம். தூரம் கூடுவதால் தீயின் எக்ஸ்போஷர் மாறுவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்: தீ சில பிக்சல்களையேனும் முழுமையாக நிரப்பும் வரை, அடிவாரத்திலிருந்து எடுத்தாலும் அருகில் நின்று எடுத்தாலும் அதன் பரப்பின் பிரகாசம் ஒன்றுதான், இடையில் மூடுபனியும் புகையும் குறுக்கிடாவிட்டால். அகலக் கோணத்தில் அது ஒற்றைப் பிக்சலாகச் சுருங்கும்போதுதான் மங்கத் தொடங்கும். ஆகவே 24 மி.மீ. லென்ஸில் தீபம் வெளுத்துவிடுமே என்று அஞ்சி எக்ஸ்போஷரைக் குறைப்பது தேவையற்ற பத்தியம். ஒன்றிரண்டு ஸ்டாப் கூடுதலாகவே கொடுத்தால், வெளுத்த புள்ளி சற்று விரிந்து, இவ்வளவு சிறிய படத்தில் தீபம் எங்கே என்று தேட வைக்காமல் நிற்கும். டெலியில் தீயின் நிறத்தைக் காப்பதும், அகலக் கோணத்தில் தீயை வெளுக்கவிடுவதும் எனக்கு ஒரே அளவு சரியான முடிவுகள்.

மலையும் வேண்டும் என்பவர்களுக்கே மூன்றாவது வழி. 11 ஸ்டாப் வேறுபாட்டை ஒரே படத்தில் அடக்குவது ஐ.எஸ்.ஓ. 100இலேயே விளிம்பில் நிற்கும் வேலை. எனவே இரண்டு படங்கள் எடுக்க வேண்டும். கேமராவின் தானியங்கி பிராக்கெட்டிங் (எக்ஸ்போஷரை ஏற்றி இறக்கித் தொடர்ந்து எடுப்பது) வழக்கமாகக் கொடுக்கும் கூட்டல் இரண்டு, கழித்தல் இரண்டு ஸ்டாப் இதற்குப் போதாது. எஃப் 5.6இல் அரை வினாடி ஒன்று, 30 வினாடி ஒன்று என ஆறு ஸ்டாப் இடைவெளியில் கையால் மாற்றி எடுப்பதே சரி. 30 வினாடிப் படத்தில் நிலவொளி மலை இயல்பைவிட இரண்டு ஸ்டாப் இருட்டாக விழும். இரவு இரவாகவே தெரிய அந்த இருட்டு வேண்டும். நிலா கொஞ்சம் மேலேறி மலையின் கிழக்கு முகத்தில் ஒளி படிய வேண்டும் என்பதால் 7.30 மணிவாக்கில் எடுப்பது நல்லது. கேமராவை மட்டும் 6.15இலிருந்து அசைக்காமல் வைத்திருந்தால், அந்தி நீலத்தில் எடுத்த முதற்படத்தோடு அதை இணைக்கலாம்.

இணைப்பதிலும் இரண்டு பாதை உண்டு. பல எக்ஸ்போஷர்களைத் தானாக இணைக்கும் ஹெச்.டி.ஆர். மென்பொருளிடம் கொடுத்தால், அது மலையைச் சுற்றி வெளிர் ஒளிவட்டம் ஒன்றை வரைந்து, நகர்ந்த புகையையும் மேகத்தையும் இரட்டையாக்கி, மொத்தக் காட்சியையும் காலண்டர் சாமி படம் போல மினுக்கிவிடும். கையால் முகமூடி (எந்தப் பகுதி எந்தப் படத்திலிருந்து என்று பிரிக்கும் மறைப்பு) வரைந்து மலையை மட்டும் இரண்டாவது படத்திலிருந்து எடுப்பது பொறுமை கேட்கும், ஆனால் இங்கே வடிவம் நமக்குச் சாதகம்: மலை அசைவதில்லை, அதன் விளிம்பு ஒற்றைக் கோடு. சிக்கல் கோபுரத்தைச் சுற்றித்தான். 30 வினாடிப் படத்தில் கோபுர விளக்குகள் வெளுத்துப் பொங்கி, அவற்றின் ஒளிமூட்டம் பின்னால் இருக்கும் மலைமேலும் கசிந்திருக்கும். அந்தப் பகுதியை முதற்படத்திலிருந்தே வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கலக்க வேண்டும். கார்த்திகை வடகிழக்குப் பருவமழையின் மாதம். தாழ்ந்த மேகம் ஊர் விளக்குகளின் ஒளியைப் பிடித்துக்கொண்டு உச்சியை மூடி மூடித் திறக்கும் ஆண்டுகளில் இந்த வழியே பயன்படாது, ஏனென்றால் இரு படங்களிலும் வானம் வெவ்வேறு வானமாக இருக்கும். செய்திப் படமாக அனுப்ப நினைப்பவர்களும் இதைத் தொடக் கூடாது; ஒன்றேகால் மணி நேர இடைவெளியில் எடுத்த இரு கணங்களை ஒன்றாகக் காட்டுவது செய்தி ஆகாது.

நீண்ட எக்ஸ்போஷருக்கு நேரம் கணக்கிடுவது குறித்து ஒரு குறிப்பு. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நிமிடம் காத்திருந்தால் கிடைத்த நேரம் அதிலேயே கரைந்துவிடும். ஐ.எஸ்.ஓ. 6400இல் எடுத்துச் சரிபார்த்துவிட்டு 100க்கு இறங்கினால் இடைவெளி ஆறு ஸ்டாப், அதாவது 64 மடங்கு. 6400இல் எத்தனை வினாடியோ 100இல் ஏறத்தாழ அத்தனை நிமிடம். இந்தக் கணக்கு டிஜிட்டலுக்கு மட்டும் பொருந்தும். ஃபிலிமில் எடுப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; நீண்ட நேரத்தில் ஃபிலிமின் உணர்திறன் சோர்ந்துபோவதால், கோடாக் டிரை-எக்ஸில் மீட்டர் 10 வினாடி என்றால் 50 வினாடி கொடுக்க வேண்டும், 100 வினாடி என்றால் 1,200 வினாடி, அதாவது இருபது நிமிடம்.

கைப்பேசி வழியைக் கேலி செய்யும் காலம் போய்விட்டது. 2018இல் கூகுள் பிக்சலில் வந்த நைட் சைட், 2019இல் ஐஃபோன் 11இல் வந்த இரவு முறை ஆகியவற்றுக்குப் பிறகு, பெரும்பாலான கைப்பேசிகள் ஒரு நீண்ட எக்ஸ்போஷருக்குப் பதிலாகப் பல குறுகிய எக்ஸ்போஷர்களை எடுத்து, கை அசைவுக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கின்றன. ஒன்பது படங்களைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்காகும், பதினாறுக்கு நான்கில் ஒரு பங்கு. தூறல் உவமையிலேயே சொன்னால், ஒரே பாத்திரத்தைப் பலமுறை வெளியே வைத்து எடுப்பது போல. குறை அவற்றின் ரசனையில் இருக்கிறது. கைப்பேசிக்கு இருட்டு என்றாலே நோய். மலையைத் தூக்கி, வானத்தைத் தூக்கி, 6.20 மணியை 5.30 ஆக்கிவிடும். கோபுரத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பூட்டி, பிரகாசக் கோட்டைக் கீழே இழுத்துவிட்டு எடுத்தால் பாதிக் குறை நீங்கும். கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்தால் அசைவில்லை என்று அதுவே உணர்ந்து, நீளமான எக்ஸ்போஷர்களுக்கு மாறிக்கொள்ளும் கைப்பேசிகளும் உண்டு. இதே சராசரி முறையைக் கேமராவிலும் செய்யலாம்: கையில் பிடித்து ஐ.எஸ்.ஓ. 3200இல் பதினாறு படங்களை வரிசையாகத் தட்டிவிட்டு, கணினியில் பொருத்திச் சராசரி கண்டால், கிட் லென்ஸ் மட்டுமே கையில் உள்ளவருக்கு அது டிரைபாடுக்கு ஒரு நல்ல மாற்று. பொறுமைதான் கொஞ்சம் வேண்டும்.

என்னைக் கேட்டால், மாடியும் டிரைபாடும் கிடைக்கும் ஆண்டில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 5.6, அரை வினாடி என்று வைத்துக்கொண்டு 6.10இலிருந்து 6.20 வரை நிமிடத்துக்கு ஒரு படம் எடுப்பேன். அரை வினாடியை அப்படியே வைத்துக்கொள்வதால் வானம் ஒவ்வொரு படத்திலும் ஒரு படி இறங்கும், தீபமும் கோபுரமும் மாறாமல் நிற்கும். எந்த நிமிடத்தில் மூன்றும் ஒத்துப்போயின என்பதை வீட்டில் உட்கார்ந்து தேர்ந்துகொள்ளலாம். மாடி கிடைக்காத ஆண்டில் 50 மி.மீ. லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிடுவேன். மலையை இணைத்துக் கட்டும் வேலையை இரண்டு முறை செய்து பார்த்தாயிற்று. படம் நன்றாகவே வந்தது, ஆனால் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது எந்த மென்பொருள் என்றுதான்.

முதல் நாள் கூட்டத்துக்கு அஞ்சுபவர்களுக்கு இன்னொன்று. மலையில் தீபம் பதினோரு நாள் காட்சி தருகிறது. மாடிகளில் இடம் தேட வேண்டியிராத பின்னாட்களில் டிரைபாடை நிதானமாக விரிக்கலாம். அந்தி வெளிச்சத்தின் கணக்கும் அப்படியே இருக்கும். மாறுவது நிலா: ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாக எழுவதால், நிலவொளி மலைக்காகப் போகிறவர்கள் முதலிரண்டு நாட்களை விட்டால் இரவு வெகுநேரம் மாடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிவரும். கோபுரத்து விளக்கு அலங்காரம் எந்த நாள் வரை இருக்கும் என்பதை மட்டும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.